எத்தனை லியாங்?

கல்லாவில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி "ஒரு லியாங்" என்றார். லியாங் என்பது எடை. இன்றைய கணக்கில் 50 கிராம். சற்று நேரம் கழித்து அவருடைய தட்டில் வந்தவை நான்கு ஷெங்ஜியன், பூரணம் வைத்த மாவு உருண்டைகள். உள்ளே பன்றிக்கறி, அடிப்புறம் முறுகிய பொன்னிறம், தலையில் எள்ளும் வெங்காயத்தாளும். ஒவ்வொன்றும் எலுமிச்சையைவிடப் பெரியது. நான்கையும் தராசில் வைத்தால் 50 கிராமில் நிற்கவே நிற்காது. அப்படியானால் அந்த ஒரு லியாங் எதனுடைய எடை? முதல் நாள் எழுந்த இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஒரு வாரம் ஆயிற்று. விடை தெரிந்த பிறகு அந்தக் கடையில் எதையும் வெறும் பசிக்காக மட்டும் என்னால் சாப்பிட முடியவில்லை.

வேலை நிமித்தம் ஷாங்காயில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். ஹொங்கோ வட்டாரம். எழுத்தாளர் லூ சுன் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1936இல் கண்மூடிய பகுதி. அவருடைய கல்லறை இருக்கும் பூங்காவிலிருந்து கடைக்கு நடந்தே போகலாம். கடையில் மொத்தம் ஒன்பது மேசைகள். தனி மேசை என்று யாருக்கும் கிடையாது. எங்கே ஒரு முக்காலி காலியாக இருக்கிறதோ அங்கே தலையை லேசாக அசைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். மேசைதோறும் கறுப்பு வினிகர் நிரம்பிய சிறு கெண்டி. நவம்பர் மாதத்து ஷாங்காய்க் குளிர் ஈரமானது, எலும்புக்குள் இறங்குவது. கதவைத் திறந்ததும் முகத்தில் படும் மாவு ஆவியின் வெதுவெதுப்புக்காகவே பாதிப்பேர் உள்ளே வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

பரிமாறும் பெண்ணை எல்லோரும் "ஆயி" என்று கூப்பிட்டார்கள். சீனத்தில் அது தாயின் தங்கையைக் குறிக்கும் சொல், அதாவது சித்தி. வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படி அழைக்கலாம். நம் மொழியிலும் ஆயி உண்டு, தாய் என்ற பொருளில். இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. ஆனாலும் முதல் நாள் பின்மேசையிலிருந்து ஒருவர் "ஆயி!" என்று குரல் கொடுத்தபோது நான் சாப்பிடுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். வீட்டை விட்டு வெகுதூரம் வந்தவனுக்கு அந்த ஒரு ஒலி போதுமாக இருந்தது.

லியாங்கின் புதிரை அவிழ்த்தவர் என்னோடு வேலை பார்த்த ஓர் அம்மா. 1960களில் அதே நகரத்தில் பிறந்தவர். "அது மாவின் எடை" என்றார். இறைச்சி, நீர், எண்ணெய் எதுவும் அந்தக் கணக்கில் வராது. 50 கிராம் மாவில் நான்கு ஷெங்ஜியன் பிடிக்கலாம். அதே மாவில், நான்ஷியாங் ஊர் மரபுப்படி, பத்து சியாவ்லொங், ஆவியில் வேகும் சிறு உருண்டைகள். நூடுல்ஸ் என்றால் இரண்டு லியாங், மூன்று லியாங் என்று வயிற்றுக்குத் தகுந்தபடி. சாப்பிடுகிறவன் ஏன் சமையல்காரனின் மாவுக் கணக்கைச் சொல்லிக் கேட்க வேண்டும்? ஏனென்றால் ஒருகாலத்தில் அந்த மாவுக்குக் காசு மட்டும் போதாது, கூப்பனும் கொடுக்க வேண்டும். 1955இல் தொடங்கிய தானியக் கூப்பன் முறை 1993இல்தான் முடிவுக்கு வந்தது. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள், வெளியே போய் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட நினைத்தவர் சட்டைப்பையில் பணத்தோடு தானியச் சீட்டையும் எடுத்துப் போனார். கடைக்காரர் வாங்கிய சீட்டுக்கும் செலவான மாவுக்கும் கணக்குக் காட்டினார். கூப்பன் போய்விட்டது, சொல் போகவில்லை. நம்மூரில் ஆழாக்கை யாரும் பார்த்திராத வீட்டிலும் ஆழாக்கு அரிசி என்ற பேச்சு இருப்பதுபோல.

மறுநாள் அவர் ஒரு பழைய புத்தகத்துக்குள் வைத்திருந்த சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். தபால்தலையைவிடச் சற்றே பெரிய காகிதம். அரை லியாங். 25 கிராம் தானியத்துக்கான அனுமதி. ஷாங்காய் இந்த அரை லியாங் சீட்டுக்காகவே பெயர்போனது. மற்ற மாகாணத்தார் இதைச் சொல்லிச் சொல்லி ஷாங்காய்க்காரர்களைக் கேலி செய்தார்களாம்: இவ்வளவு சின்னக் கணக்குப் பார்க்கும் ஊர் எங்காவது உண்டா என்று. அதே ஆண்டுகளில்தான் இந்த நகரம் பொய்க் காலரையும் அணிந்தது. துணிக்கும் கூப்பன் இருந்த காலம். முழுச் சட்டைக்குத் துணி போதாதவர்கள் காலரும் மார்பின் மேல்பகுதியும் மட்டும் தைத்து, ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு கௌரவமாக வெளியே போனார்கள்.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அரை லியாங் சீட்டைக் கொடுத்தால் ஒரே ஒரு யூட்டியாவ், எண்ணெயில் பொரித்த நீள மாவுக்குச்சி, வாங்கலாம். ஒன்று மட்டும் போதும் என்கிறவரை இரண்டு வாங்கச் சொல்லி அந்தச் சீட்டு வற்புறுத்தாது. பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு குழந்தைக்கு ஒரு யூட்டியாவ்மேல் ஆசை வந்தால், அந்த ஆசைக்குச் சரியாக ஓர் அளவு இருந்தது. பற்றாக்குறையை எந்த நிர்வாகமும் பங்கிட்டுவிடலாம். சின்ன ஆசைக்கும் இடம் வைத்துப் பங்கிடுவதற்கு மனிதரைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மா சீட்டைத் திரும்பப் புத்தகத்துக்குள் வைத்தபோது அவர் விரல்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தேன். கேலி செய்தவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடை வாசலிலேயே ஷெங்ஜியன் வாணலி. வாணலி என்றா சொல்வது, தோசைக்கல்லுக்குக் கரை கட்டியதுபோல அகன்ற தட்டையான இரும்புச் சட்டி. அதில் உருண்டைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, எண்ணெய் விட்டு, அடி சிவந்ததும் தண்ணீரை ஊற்றி மரமூடியால் சட்டென்று மூடிவிடுவார் சமையல்காரர். உள்ளே பெருமழைபோல ஓர் இரைச்சல். சட்டியின் விளிம்பைப் பிடித்து அடுப்பின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டே இருப்பார், எல்லாப் பக்கமும் ஒரேபோலத் தீ படுவதற்காக. இரைச்சல் மெலிந்து படபடப்பாக மாறும் கணத்தை அவர் காதால்தான் கண்டுபிடிக்கிறார். நான் பார்த்த நாட்களில் ஒருமுறைகூட நேரம் பார்க்க அவர் தலையைத் திருப்பியதில்லை. மூடியைத் திறந்து எள்ளையும் வெங்காயத்தாளையும் தூவும்போது எழும் மணத்துக்கு வரிசையே ஒரு அடி முன்னால் நகரும்.

தேநீர்க்கடைகளின் நொறுக்குத்தீனியாகத் தொடங்கிய பண்டம் இது. இதில் இரண்டு கட்சிகள் உண்டு. 1932இல் தொடங்கிய தா ஹு சுன் போன்ற பழைய கடைகளில் இறைச்சியில் பன்றித்தோலை வேகவைத்து இறுகவிட்ட கூழ் சேர்ப்பதில்லை. இறைச்சி தானாக விட்ட சாறுதான். இதற்குத் தெளிநீர் வகை என்று பெயர். கூழ் சேர்த்து, கடித்தால் சூப் பீறிடும்படி செய்வது கலங்கல்நீர் வகை. இன்று பரவலாகக் கிடைப்பது இரண்டாவது. எங்கள் கடையும் அந்தக் கட்சிதான்.

அது எனக்குத் தெரியாது. முதல் நாள் எதிரில் இருந்த அதே பாட்டி என்னைப் பார்த்து "தாங்" என்றார். சூப் என்பதற்கு நான் கற்று வைத்திருந்த சொல் அது. உள்ளே சூப் இருக்கிறது என்கிறார் போலும் என்று தலையாட்டிவிட்டு வாயருகே கொண்டுபோனேன். அவர் தன் குச்சிகளை நீட்டி என் குச்சிகளை மேசையை நோக்கி அழுத்தினார். மறுபடியும் "தாங்" என்றார், இந்த முறை குரலை மேலிருந்து கீழே இறக்கி. சமமாக நீட்டிச் சொன்னால் சூப். குரலை விழவைத்துச் சொன்னால் சுடும். அந்த உருண்டைக்குள் இரண்டு சொற்களும் ஒன்றாகவே இருந்தன. பிறகு தன்னுடையதில் ஒன்றை எடுத்து, ஓரத்தில் துளியூண்டு கடித்து, ஆவி வெளியேறும்வரை காத்திருந்து, சாற்றை உறிஞ்சிக் காட்டினார். "நொங்" என்று தொடங்கி ஏதோ சொன்னார். ஷாங்காய்ப் பேச்சில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு கிடையாது, இரண்டுக்கும் நொங் ஒன்றுதான். அதைத் தமிழில் நான் 'நீ' என்றே கேட்டுக்கொண்டேன். "நீ மெதுவாகச் சாப்பிடு." அவர் வயதுக்கு அதுதான் பொருந்தும்.

ஷெங்ஜியனுக்குத் துணையாக அந்த ஊரில் பெரும்பாலும் கேட்பது ஒரு கிண்ணம் மஞ்சள் நிறச் சூப். சுவரில் இருந்த பட்டியலைச் சக ஊழியர் விரல் வைத்து வாசித்துக் காட்டினார்: காலி நியூரோ தாங். நியூரோ என்றால் மாட்டிறைச்சி. தாங், சூப். காலி? அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். கறி. ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் தமிழின் கறி என்றே அகராதிகள் சொல்கின்றன. 1843இல் ஷாங்காய் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தபின் வந்துசேர்ந்த மேற்கத்தியச் சமையலறைகளோடு கறித்தூளும் இந்த நகரத்துக்குள் வந்தது. பிறகு அந்தச் சமையலறைகளிலிருந்து இறங்கி இந்த முக்காலிக் கடைகளுக்கு வந்துவிட்டது. சங்கப் பாடல்களில் மிளகைக் குறித்த சொல். பிறகு காயையும் இறைச்சியையும் குறித்த சொல். இங்கே இரண்டு சீன எழுத்துகளாகி, எண்ணெய்ப் புகையில் மங்கிய பலகையில் இருந்தது.

சூப் தண்ணீராக இருந்தது. காகிதம்போல் சீவிய மாட்டிறைச்சி, கண்ணாடி நூடுல்ஸ், கொத்தமல்லித்தழை. காரம் துளியும் இல்லை. ஆனால் மஞ்சளும் சீரகமும் சேர்ந்த அந்தப் பழகிய வாசனை, ஆழத்தில், மெலிதாக. என் அம்மா செய்யும் எந்தக் குழம்போடும் இதை ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் கூடாது. இது ஷாங்காயின் பண்டம். முறுகலான உருண்டையின் கொழுப்பைக் கழுவி நாக்கை அடுத்த கடிக்குத் தயார்செய்யும் வேலை இதற்கு. அந்த வேலையை அது மிகச் சரியாகச் செய்தது. பாட்டியும் தினமும் ஒரு கிண்ணம் வாங்கினார். இந்தச் சொல் என் ஊர்க்காரச் சொல் என்று அவரிடம் சொல்லும் அளவுக்கு எனக்குச் சீனம் வரவில்லை. சொல்லாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

சியாவ்லொங்கை வெளியுலகம் சூப் டம்ப்ளிங் என்கிறது. ஷாங்காய்க்காரர்கள் சியாவ்லொங் மந்தோ என்பார்கள். வடக்கே மந்தோ என்றால் உள்ளே எதுவும் வைக்காத வெறும் மாவு உருண்டை. இங்கே பூரணம் வைத்ததும் மந்தோதான். நகரத்தின் வடமேற்கே இருக்கும் நான்ஷியாங்கில், 1870களில், இனிப்புக்கடை நடத்திய ஒருவரிடமிருந்து இது பிறந்தது என்பது வழக்கு. 1900இல் அது யூயுவான் தோட்டத்தருகே கடை போட்டு நகரத்துக்கு வந்துசேர்ந்தது. அங்கே இன்றும் சுற்றுலாக் கூட்டம் வளைந்து வளைந்து நிற்கிறது. நான் ஒருமுறை போனேன். எனக்கு ஹொங்கோ முக்காலியே பிடித்திருந்தது.

மூங்கில் கூடை திறக்கும்போது பார்க்க வேண்டும். பத்து உருண்டைகள், தலையில் கொசுவம் கொசுவமாக மடித்துச் சுருக்கிய முடிச்சு, ஆவியில் தோல் கண்ணாடிப் பதமாகி உள்ளே இருக்கும் சாற்றின் கனத்தில் வயிறு தொய்ந்திருக்கும். இதற்குள் சூப்பை எப்படி ஊற்றுகிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊற்றுவதே இல்லை. பன்றித்தோலைக் கொழுப்பு சுரண்டி, மணிக்கணக்கில் வேகவைத்து, ஆறவிட்டால் அது இறுகிக் கூழ்க்கட்டியாகும். அதைக் கொத்திக் குளிர்ந்த இறைச்சியோடு பிசைந்து மாவுக்குள் வைத்து மூடுகிறார்கள். உடல்சூட்டுக்குப் பக்கத்திலேயே உருகிவிடும் பொருள் அது. கூடையின் ஆவியில் அது நீராகும்போது கதவு ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது. அவ்வளவுதான் வித்தை. கண்ணுக்கு அழகான எந்தத் தட்டிலும் இடம்பெறாத பன்றித்தோல், மலிவிலும் மலிவான பாகம், இந்தப் பண்டத்தின் உயிராகிறது. அரை லியாங் சீட்டை அச்சிட்ட நகரத்துக்கு இது எவ்வளவு பொருத்தமான கண்டுபிடிப்பு!

2015இல் கிறிஸ்டோபர் செயின்ட் காவிஷ் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஷாங்காயில் குடியிருந்தவர், 52 கடைகளின் சியாவ்லொங்கைக் கத்தரிக்கோல், மின்தராசு, தோலின் தடிமனை அளக்கும் காலிபர் ஆகியவற்றோடு உட்கார்ந்து ஆராய்ந்து ஓர் அட்டவணை வெளியிட்டார். சூப்பும் இறைச்சியும் எவ்வளவு, அதைத் தாங்கும் தோல் எவ்வளவு மெல்லியது, இரண்டுக்குமான விகிதம். சாப்பாட்டைத் தராசில் வைப்பதா என்று சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கு வரவில்லை. லியாங்கில் கேட்டு, லியாங்கில் பிசைந்து, லியாங்கில் தின்ற ஊரில் காலிபரோடு வந்து உட்கார்ந்தவர் அந்த ஊரின் மொழியிலேயே அன்பைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவருடைய எந்தக் கருவியும் அளக்காத ஒன்று சியாவ்லொங்கில் உண்டு, நேரம். கூடை இறங்கிச் சில நிமிடங்களில் தோல் சாற்றைக் குடிக்கத் தொடங்கிவிடும். அடியில் ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் கிழியும். அதனால் முன்கூட்டியே செய்து வைக்க முடியாது. கேட்ட பிறகுதான் பிடிப்பார்கள். இருபது நிமிடம் ஆகும், இருபத்தைந்து ஆகும். மற்ற நேரங்களில் போக்குவரத்து விளக்குக்குக்கூடப் பொறுக்காத நகரம் அது. அந்தக் கடைக்குள் மட்டும் எல்லோரும் வினிகர்க் கெண்டியைப் பார்த்தபடி சும்மா இருந்தார்கள். ஜென்ஜியாங் ஊரின் கறுப்பு வினிகர், புட்டரிசியிலிருந்து வருவது, புளிப்புக்கு அடியில் ஓர் இனிப்பு. அதில் மயிரிழையாகச் சீவிய இஞ்சி. இஞ்சிக்குத் தனிக்காசு. கொடுத்தே வாங்க வேண்டும்.

மாத முடிவில் கையில் காசு குறைந்தபோதுதான் நூடுல்ஸ் பக்கம் வந்தேன். அதற்கு முன் வராமல் போனேனே என்று வருந்தினேன். வெங்காயத்தாளை நீளமாக நறுக்கி, எண்ணெயில் சிறுதீயில் வெகுநேரம் பொறுமையாக வாட்டி, பச்சை முழுக்கப் பழுப்பாகி மொறுமொறுவென்று சுருங்கிய பிறகு அந்த எண்ணெயில் சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்து, வெந்த நூடுல்ஸைப் போட்டுப் பிரட்டுவது. வேறெதுவும் இல்லை. எங்கும் கிடைக்கும் ஒரு தழைக்குள் இவ்வளவு இனிப்பு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

அதைவிட எளியது யாங்சுன் மியென். சோயா கலந்த தெளிந்த சூப், பன்றிக்கொழுப்பு ஒரு துளி, நூடுல்ஸ், மேலே நறுக்கிய வெங்காயத்தாள். மேலே வைக்கும் இறைச்சியோ மீனோ எதுவும் கிடையாது. வெறும் நூடுல்ஸ் என்றே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் யாங்சுன் என்றால் இளவேனில். சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்துக்குக் குட்டி இளவேனில் என்று பெயர். ஒரு கிண்ணம் பத்துக் காசு விற்றதால் பத்தைக் குறிக்க அந்தப் பெயர் வந்தது என்பது சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. எந்த விளக்கமாக இருந்தாலும் சரி, மேலே வைக்க எதுவும் வாங்க வழியில்லாதவன் கல்லாவில் நின்று "இளவேனில் ஒன்று" என்று கேட்க முடிந்திருக்கிறது. வறுமையை வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் அவனுக்கு ஒரு நல்ல சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பக்கத்து நகரமான சூச்சோவில் நூடுல்ஸ் கேட்பதற்கே ஒரு தனிமொழி உண்டு. சூப் நிறைய வேண்டுமென்றால் அகலச் சூப், குறைவாக என்றால் இறுக்கச் சூப். மேலே வைப்பதைத் தனித்தட்டில் கேட்டால் பாலம் தாண்டி. அவ்வூர் எழுத்தாளர் லூ வென்ஃபு 1983இல் எழுதிய 'உணவு ரசிகர்' குறுநாவலின் நாயகன், புதுத்தண்ணீரில் வேகும் நாளின் முதல் கிண்ணத்துக்காக விடியலிலேயே எழுந்து ஓடுவான். பல கிண்ணம் நூடுல்ஸ் வெந்து கலங்கிய நீரின் மாவு வாசனை அவனுக்கு ஆகாது. நான் அவனைப்போல முயன்று ஒருநாள் காலை ஆறரைக்குப் போனேன். எனக்கு முன்னால் பாட்டி உட்கார்ந்திருந்தார்.

அன்றும் ஒரு லியாங்தான். அவர் எப்போதும் மூன்று சாப்பிடுவார். நான்காவதைக் கைப்பையிலிருந்து எடுத்த மூடிபோட்ட சிறு டப்பாவில், முறுகிய அடிப்புறம் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைப்பார். ஆவி பட்டு அது நமத்துவிடக் கூடாது. மூடியையும் இறுக்க மாட்டார், ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி விடுவார். யாருக்குக் கொண்டுபோகிறார் என்று நான் கேட்டதில்லை. எழுந்து, என் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, கொஞ்சம் மீதம் இருந்த சூப்பைக் காட்டிக் குடி என்பதுபோலக் கை காட்டிவிட்டு, டப்பாவைச் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் எழுந்த முக்காலியில் உணவு விநியோகிக்கும் இளைஞன் ஒருவன் தலைக்கவசத்தை வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனான். மஞ்சள் சட்டை, காற்றில் சிவந்த காதுகள், வெளியூர்ப் பேச்சு. தனக்காக வாங்க வந்திருந்தான்.

"ஷெங்ஜியன் எட்டு" என்றான்.

கல்லாவில் இருந்த பெண் எழுதிக்கொள்ளவில்லை. சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "இரண்டு லியாங்" என்று குரல் கொடுத்தாள்.